பாதி விலை ப்ளூ-ரே: அட்டையை விட்டுவிட்டுப் பதிப்பைப் பாருங்கள்

பழைய அனிமேஷன் படங்களின் ப்ளூ-ரே வட்டுகள் தள்ளுபடியில் வரும்போது வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம். ஆனால் எந்தப் பதிப்பு என்று பார்த்து வாங்க வேண்டும். அட்டையில் ஒரே படம், ஒரே பெயர் இருக்கும். உள்ளே இருப்பதில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். இந்த முறை விலை குறைந்தபோது நான் எடுத்தவற்றில் மூன்று அருமை, ஒன்று தண்டம்.

படம் வரைவது என் தொழில். அதனால் வட்டைப் போட்டதும் என் கண் போவது கோட்டின் மேல்தான். கையால் போட்ட கோடு தொடங்கும்போது மெலிந்து, வளைவில் தடித்து, முடியும் இடத்தில் கரைந்து போகும். டிவிடியில் அது ஒரே தடிமனாகத் தெரியும். 1080 வரிகள் கொண்ட ப்ளூ-ரேயில்தான் அந்த ஏற்ற இறக்கம் கண்ணுக்குக் கிடைக்கிறது. இணையத்தில் அதே படத்தைப் பார்த்தால் கோடு ஓரளவு நன்றாகவே இருக்கும். ஆனால் அந்தி வானம், இருண்ட காடு போன்ற இடங்களில் நிறம் பட்டை பட்டையாகப் பிரிந்துவிடும். வட்டில் படத்துக்கு மட்டும் நொடிக்கு 40 மெகாபிட் வரை இடம் உண்டு. ஒரு வண்ணம் இன்னொன்றில் கரைவதைச் சிதையாமல் காட்ட அந்த இடம் தேவைப்படுகிறது.

முதலிடம் 1959இல் வெளிவந்த 'ஸ்லீப்பிங் பியூட்டி'க்கு. பிலிமை நெடுக்காக ஓட்டாமல் கிடைமட்டமாக ஓட்டி, பெரிய சட்டகத்தில் பதிவு செய்யும் டெக்னிராமா முறையில் எடுத்த படம் இது. 2008இல் வந்த ப்ளூ-ரேயில் அதன் அகலம் 2.55க்கு 1 என்ற விகிதத்தில் முழுமையாகக் கிடைத்தது. ஐவிண்ட் ஏர்ல் தீட்டிய பின்னணிகளைப் பார்ப்பதற்காகவே இந்த வட்டை வாங்கலாம். காட்டுக் காட்சியில் நிறுத்திவைத்துப் பாருங்கள். மரப்பட்டையின் ஒவ்வொரு விரிசலும் தனித்தனித் தூரிகை வீச்சு. இலைக்கொத்துகள் சதுரம் சதுரமாக அடுக்கப்பட்டிருக்கும். முன்னால் இருக்கும் புல்லும் தொலைவில் இருக்கும் மரமும் ஒரே கூர்மையில் நிற்கும். நான் கதையை விட்டுவிட்டு இந்தப் பின்னணிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

'பினோக்கியோ' (1940) இன்னொரு விதமான இன்பம். ஓவியங்களைப் பல அடுக்குக் கண்ணாடிகளில் வைத்து, மேலிருந்து கேமரா வழியே எடுக்கும் மல்டிபிளேன் முறையை இதில் தாராளமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். காலையில் ஊர் விழிக்கும் காட்சியில் கூரைகளைக் கடந்து கேமரா தெருவுக்குள் இறங்கும்போது, எந்தக் கூரை எந்த அடுக்கில் இருக்கிறது என்று பிரித்துச் சொல்ல முடிகிறது. அந்தக் காலப் படங்களின் சட்டகம் கிட்டத்தட்டச் சதுரம். அதனால் திரையின் இருபுறமும் கறுப்பாக இருக்கும். அதுதான் சரி. 2009 பதிப்பில் அந்த வெற்றிடத்தை நிரப்ப டோபி ப்ளூத் வரைந்த ஓரச் சித்திரங்களைத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. அழகாகத்தான் வரைந்திருக்கிறார்; இருந்தாலும் நான் அணைத்துவிட்டுத்தான் பார்க்கிறேன்.

'மை நெய்பர் டோட்டோரோ'வைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பின்னணிகளை வரைந்த கசுவோ ஓகாவின் பச்சைகளுக்காக வாங்குங்கள். வசன வரிகளை மட்டும் கவனியுங்கள்: ஜப்பானிய அனிமேஷன் வட்டுகள் சிலவற்றில் எழுத்தில் வருவது மூல வசனத்தின் மொழிபெயர்ப்பாக இருக்காது, ஆங்கில டப்பிங்கில் பேசுவதையே அப்படியே போட்டிருப்பார்கள். மூல ஒலியில் பார்ப்பவர்களுக்கு இது பெரிய தொந்தரவு.

தண்டம் என்று சொன்னது 1939இல் ஃப்ளைஷர் சகோதரர்கள் தயாரித்த 'கலிவர்ஸ் டிராவல்ஸ்'. படத்தின் மேல் குறையே இல்லை. அமெரிக்காவில் அது பொதுச்சொத்தாகிவிட்டதால் யார் வேண்டுமானாலும் வட்டு போடலாம், போடுகிறார்கள். எனக்கு வந்த வட்டை வெளியிட்டவர்கள் அகலத் திரைக்குப் பொருத்துவதற்காக மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள். முகம் நெருக்கத்தில் வந்தால் நெற்றி இல்லை. போதாததற்கு, பிலிமின் மணல் போன்ற துகள்களை நீக்குகிறேன் என்று மென்பொருளால் தேய்த்ததில் புருவக் கோடும் சேர்ந்து போய்விட்டது. துகள் என்பது அழுக்கு இல்லை. அந்தப் பிலிமின் உடம்பே அதுதான். அதைச் சுரண்டினால் கோடும் கூடவே வரும். பெரிய நிறுவனங்களின் வட்டுகளிலும் இந்தத் தேய்ப்பு நடந்திருக்கிறது. அதனால் பணம் கட்டும் முன் அந்தக் குறிப்பிட்ட பதிப்பின் ஒன்றிரண்டு காட்சிப் படங்களைத் தேடிப் பார்த்துவிடுங்கள். கண் இமை, விரல் நுனி, முடிக்கற்றை, இந்த மூன்றும் உயிரோடு இருந்தால் வாங்கலாம்.

விலை ஏன் குறைகிறது என்பதும் தெரிந்திருந்தால் நல்லது. ப்ளூ-ரேயைவிடக் கூர்மையான 4கே பதிப்பு வந்ததும் பழைய ப்ளூ-ரேக்களைத் தள்ளிவிடுவார்கள். சில படங்களுக்கு மூலப் பிலிமிலிருந்து புதிதாகச் சீரமைத்து 4கே போடுகிறார்கள். அப்போது பழையதைப் பாதி விலைக்கு எடுப்பது லாபமில்லை. பழைய சீரமைப்பே நன்றாக இருந்த படங்களுக்குத்தான் இந்தத் தள்ளுபடி உண்மையான லாபம். 4கே வட்டு சாதாரண ப்ளூ-ரே பிளேயரில் ஓடாது என்பதையும் மறக்க வேண்டாம். உலகின் எந்தப் பகுதிப் பிளேயர்களில் ஓடும் என்று காட்டும் ஏ, பி, சி என்ற மண்டலக் குறியும் அட்டையின் பின்புறம் இருக்கும். உங்கள் பிளேயரின் மண்டலம் எதுவோ அதையே எடுங்கள். 4கே வட்டுகளுக்கு அந்தத் தடை இல்லை. பழைய இருப்பில் வரும், படத்தை இணையத்தில் பெறுவதற்கான டிஜிட்டல் குறியீடு பெரும்பாலும் காலாவதியாகியிருக்கும், அதற்காகக் கூடுதலாக ஒன்றும் கொடுக்காதீர்கள்.

வாங்கிய பிறகு டிவியில் ஒரு வேலை இருக்கிறது. அசைவை வழவழப்பாக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள். இந்தப் படங்களில் பல இடங்களில் நொடிக்கு 12 ஓவியங்கள்தான். ஒவ்வொன்றும் இரண்டு சட்டகங்களுக்கு நிற்கும். டிவி அந்த இடைவெளியில் தானே படங்களைத் தயாரித்துச் செருகினால் ஓவியர் கணக்கிட்ட துள்ளல் செத்துவிடும்.

ஒரு பெட்டியில் வட்டைப் பிடித்திருக்கும் நடுப்பல் உடைந்து, வட்டு உள்ளே உருண்டுகொண்டே வந்து சேர்ந்தது. டிவிடியில் தகவல் 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கும், ப்ளூ-ரேயில் 0.1 மில்லிமீட்டர்தான். மேலே கடினப் பூச்சு இருந்தாலும் ஆழமான கீறல் தாங்காது. விளக்கொளியில் சாய்த்துப் பார்த்ததில் ஒரு நீளக் கீறல் தெரிந்தது, புகைப்படம் எடுத்து அனுப்பினேன், மறுபேச்சில்லாமல் வேறு அனுப்பிவிட்டார்கள். தள்ளுபடிப் பொருளுக்கு மாற்று கிடையாது என்று எழுதிவைத்திருக்கும் இடங்களும் உண்டு. அங்கே இந்த வட்டுகளை நான் வாங்கமாட்டேன், எவ்வளவு குறைத்தாலும் சரி.