மதுரைத் தீபாவளியும் இரண்டு கேப் துப்பாக்கிகளும்

இங்கிலாந்தில் இருக்கும் லெஸ்டருக்குப் போய் 11 வருடம் ஆகிறது. அங்கேயும் பெல்கிரேவ் ரோட்டில் தீபாவளிக்கு விளக்குப் போடுவார்கள், கூட்டம் அலைமோதும். ஆனால் பண்டிகை நாளன்று மதுரையில் இருக்க இந்த முறைதான் கொடுத்துவைத்தது. வந்து இறங்கிய மறுநாள் காலையிலேயே அக்கா மகன் பிடித்துக்கொண்டான். "மாமா, துப்பாக்கி வாங்கித் தர்றேன்னு போன்ல சொன்னீங்கல்ல?" 7 வயது. இதையெல்லாம் மறக்கிற வயதா?

நல்லதாக வாங்கிக் கொடுப்போம் என்று முதலில் போனது ஏசி போட்ட ஒரு பெரிய பொம்மைக் கடைக்கு. கறுப்பு நிறத்தில் உலோகத் துப்பாக்கி, 420 ரூபாய். கையில் எடுத்தால் கனம், பார்க்க அசல் மாதிரியே இருந்தது. அட்டையைப் பிரித்து ஒருமுறை விசையை இழுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். "பிரிச்சா எடுத்துக்கணும் சார்" என்றார் கடைப் பையன். சரி, இவ்வளவு விலை சொல்கிறார்களே, நன்றாகத்தான் இருக்கும் என்று வாங்கி வந்தேன். வீட்டில் பிரித்தால், கேப் சுருளை வைக்கும் பக்கவாட்டு மூடி பூட்டவில்லை. விசையை இழுக்கும்போதெல்லாம் திறந்துகொண்டது. அன்று மாலையே பில்லோடு திரும்பப் போனேன். பில்லின் பின்புறத்தைக் காட்டி, விற்ற பொருளை மாற்றித் தர மாட்டோம் என்றார்கள். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஆனால் அந்த மூடியை ஒருவர்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. எனக்கு வருத்தம் அதில்தான்.

அந்தக் கோபத்தோடு விளக்குத்தூண் பக்கம் நடந்தேன். தீபாவளிக்கு முந்தைய வாரம் அங்கே நடப்பது என்றால் கூட்டம் தள்ளுகிற திசையில் போவதுதான். நடைபாதையில் சாக்கு விரித்து ஓர் அம்மா பிளாஸ்டிக் துப்பாக்கிகளைப் பரப்பியிருந்தார். ஆரஞ்சு உடம்பு, மஞ்சள் கைப்பிடி, 70 ரூபாய். நான் கேட்காமலேயே ஒரு சுருளைப் போட்டு வெடித்துக் காட்டினார். முதல் துப்பாக்கி இரண்டு வெடித்து நின்றது. "இது திக்குது தம்பி, வேணாம்" என்று ஓரமாக வைத்தார். இரண்டாவதும் சரியில்லை. மூன்றாவதில் வரிசையாக ஐந்து வெடித்த பிறகுதான் என் கையில் கொடுத்தார். கூடவே ஒரு சொல்: "கேப்பை டவுசர் பாக்கெட்டுல போட விடாதீங்க, உரசுனா பத்திக்கும்." விற்கிறவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வருவது எவ்வளவு பெரிய விஷயம்!

சொன்னது உண்மையும்கூட. கேப்பில் இருக்கிற அந்தச் சின்னப் பொட்டு, உரசினாலே பற்றிக்கொள்ளும் மருந்து. பொட்டாசியம் குளோரேட்டோடு சிவப்புப் பாஸ்பரஸ் போன்றதைச் சேர்த்துக் காகிதத்துக்கு நடுவே ஒட்டியிருப்பார்கள். தீப்பெட்டியில் ஒன்று குச்சியிலும் இன்னொன்று பெட்டியின் பக்கத்திலும் தனித்தனியாக இருக்கும். இங்கே இரண்டும் ஒரே பொட்டில். அதனால்தான் சிறு வயதில் கல்லால் தட்டியே வெடித்தோம், நட்டு போல்ட்டில் வைத்துத் தரையில் அடித்தோம்.

மறுநாள் மொட்டை மாடியில் இரண்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். உலோகத் துப்பாக்கியின் மூடியை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினேன். ஒரே பெட்டியிலிருந்து எடுத்த சுருள்கள், ஆளுக்கு 50 வெடி. மருமகன் சுவரில் கரிக்கோடு போட்டு எண்ணினான். உலோகத்தில் 43 வெடித்தது. பிளாஸ்டிக்கில் 34. அடை மழைக் காலம், கேப் கொஞ்சம் நமுத்திருந்தது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று திறந்து பார்த்தேன். விசையை இழுத்தால் இரண்டு வேலை நடக்க வேண்டும். உள்ளே இருக்கும் ஒரு சின்ன எஃகுத் தகடு காகிதத்தை ஒரு பொட்டு அளவுக்கு மேலே தள்ள வேண்டும், அதே சமயம் சுத்தி பின்னால் போய்த் திரும்பி அடிக்க வேண்டும். தள்ளுகிற அளவு கொஞ்சம் தப்பினாலும் சுத்தி இரண்டு பொட்டுக்கு நடுவே வெறும் காகிதத்தில் விழும். உலோகத் துப்பாக்கியில் ஸ்பிரிங் கெட்டியாக இருந்தது, சுத்தியும் ஆடவில்லை. 350 ரூபாய் அதிகம் கொடுத்ததற்கு நிஜமாகக் கிடைத்தது இந்த இரண்டும்தான். பிளாஸ்டிக்கில் சுத்தி பக்கவாட்டில் ஆடியது. தகடு மெல்லிசு, லேசாக வளைந்தும் இருந்தது.

இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு, தெற்கு மாசி வீதிப் பக்கம் ஓரமாகப் பூட்டு, குடை ரிப்பேர் பார்க்கும் ஒரு பெரியவரிடம் போனேன். மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, பிளாஸ்டிக் துப்பாக்கியின் தகட்டைக் குறடால் ஒரு நெம்பு நெம்பினார். சுத்தியின் ஆணிக்கு ஒரு மெல்லிய வாஷர் போட்டார். உலோகத்தின் மூடிக் கொக்கியை அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தார். 'டக்' என்று பூட்டியது. மொத்தம் 40 ரூபாய். நூறு ரூபாய் கொடுத்தேன், மீதியை எண்ணித் திருப்பிக் கையில் வைத்தார். வீட்டுக்கு வந்து மறுபடி 50 வெடி: பிளாஸ்டிக் 42, உலோகம் 44.

உலோகத் துப்பாக்கி வாங்குகிறவர்களுக்கு ஒன்று. குளோரேட் எரிந்து மிஞ்சுகிற உப்பு ஈரத்தை இழுக்கும். சுத்தி வந்து விழுகிற அடிதட்டும் ஸ்பிரிங்கும் ஒரே வாரத்தில் துருப்பிடிக்கும். வெடித்து முடித்ததும் ஈரத் துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். எண்ணெயை மட்டும் விட்டால் உப்பு போகாது.

தீபாவளியன்று விடிகாலையில் எண்ணெய்க் குளியல் முடித்து, 6 மணிக்கு மாடிக்குப் போனோம். 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு தமிழ்நாட்டில் பட்டாசுக்குக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் வைத்திருக்கிறார்கள். ஊரே ஒரு மணி நேரத்துக்குள் வெடித்துத் தீர்த்தது. அந்தச் சத்தத்தில் எங்கள் கேப் காதில் விழவே இல்லை. ஏழேகாலுக்கு, எல்லாம் அடங்கிய பிறகு, மருமகன் தனியாகச் சுட்டான். அந்த 'டப்' சத்தமும் கேப் புகையின் வாசமும் அப்படியே என்னைச் சின்னப் பையனாக்கிவிட்டன.

திரும்பும்போது கறுப்புத் துப்பாக்கியை அவனிடமே விட்டேன். அசல் மாதிரி தெரியும் துப்பாக்கியை பிரிட்டனுக்குள் கொண்டுவர 2006 சட்டப்படி தடை இருக்கிறது. பளிச்சென்ற ஆரஞ்சு, மஞ்சள், பச்சை மாதிரி நிறங்களுக்கு விலக்கு உண்டு. அதனால் மகளுக்கு ஆரஞ்சுத் துப்பாக்கி வந்தது. கைப்பையில் பொம்மைத் துப்பாக்கி வைக்கவே கூடாது. விமான நிறுவனத்தின் கவுன்டரில் முன்கூட்டியே காட்டிச் சம்மதம் கேட்டு, பெரிய பெட்டியில் வைத்தேன். கேப் ஒரு சுருள்கூட எடுக்கவில்லை, வெடிமருந்து எந்தப் பையிலும் போகாது.

அந்த ரிப்பேர்காரர் மாலை 4 மணிக்கு மேல்தான் வந்து உட்காருவார். மழை பெய்தால் அன்றைக்கு வர மாட்டார்.