மூன்றரை வாரம் ஊரில், கேன்சரோடும் இரண்டு பிள்ளைகளோடும்

எனக்கு 37 வயது. மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவி மூன்று வருடமாகிறது. முழுசாகக் குணமாக்க முடியாது, கட்டுக்குள் வைக்கலாம் என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நாலு. மாத்திரை போடாத அம்மாவை மகன் பார்த்த நினைவே இல்லை. இந்த விடுமுறையில் நாலு பேரும் வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போய் வந்தோம். இதே நிலையில் பிள்ளைகளோடு கிளம்ப நினைத்துத் தயங்குகிறவர்களுக்காக, அங்கே என்ன கிடைத்தது, எது இடித்தது என்று எழுதுகிறேன்.

கிளம்பும் முன் நாட்களைத்தான் முதலில் கணக்குப் பார்த்தேன். கேன்சரை வளர விடாமல் வைக்கிற பால்போசிக்லிப், 21 நாள் போட்டு 7 நாள் விடுகிற மாத்திரை. எலும்புக்கான ஊசி நாலு வாரத்துக்கு ஒன்று. ஊசியைப் போட்டுக்கொண்டு கிளம்பி, அடுத்த ஊசிக்குத் திரும்பிவிடுகிற மாதிரி டிக்கெட் எடுத்தோம். வலிக்குப் போடுகிற மார்ஃபினுக்குத் தனிக் கடிதம் வாங்கினேன்: மருந்தின் பெயர், அளவு, எத்தனை மாத்திரை, எதற்காக, எல்லாம் டாக்டர் கையெழுத்தோடு. எவ்வளவு கொண்டு போகலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும், அதனால் தூதரகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டோம். மருந்து எல்லாம் அட்டைப் பெட்டி பிரிக்காமல் கைப்பையில். விமானத்தில் போடுகிற பெரிய பெட்டியில் வைத்து, அது வராமல் போனால் என்ன செய்வது?

ரத்தப் பரிசோதனை சுலபமாக முடிந்தது. அடுத்த சுற்று மாத்திரை தொடங்க, தொற்றை எதிர்க்கிற வெள்ளை அணுவான நியூட்ரோஃபில் குறைந்தது ஆயிரமாவது இருக்க வேண்டும். லேப் பையன் காலையிலேயே வீட்டுக்கு வந்து எடுத்துப் போனான், சாயங்காலம் ரிப்போர்ட் போனில் வந்துவிட்டது. 1,300. அன்று இரவே முதல் மாத்திரை போட்டேன். இந்த வேகம் நான் வசிக்கிற இடத்தில்கூடக் கிடையாது.

இரண்டாவது வாரம் முதுகுவலி திடீரென்று ஏறியது. இடது கால் மரத்த மாதிரி இருந்தது. முதுகெலும்பில் நோய் இருக்கிறவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. கால் பலவீனமானாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ தண்டுவடம் நசுங்குகிறதா என்று அன்றைக்கே பார்த்தாக வேண்டும். ராத்திரியே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். சொன்னதும் புரிந்துகொண்டு, விடிவதற்குள் எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டார்கள். அந்த டியூட்டி டாக்டருக்கு என் நன்றி எப்போதும் உண்டு.

வலித்தது அதற்கப்புறம்தான். காலையில் வந்த பெரிய டாக்டர் என் கணவரை வெளியே கூப்பிட்டு ரிசல்ட் சொன்னார். கதவு பாதி திறந்திருந்தது. "அவங்களுக்கு விஷயம் தெரியுமா?" என்று அவர் கேட்டது என் காதில் விழுந்தது. மூன்று வருடமாக என் ஸ்கேன் ஒவ்வொன்றையும் நானே வாசித்து, எந்த மருந்து வேண்டும் என்று நானே முடிவெடுத்து வருகிறேன். தண்டுவடம் நசுங்கவில்லை என்ற நல்ல செய்தியைக்கூட எனக்கு இரண்டாம் கையாகத்தான் கொடுத்தார்கள். பிள்ளைகளையும் வார்டுக்குள் விடவில்லை. மகள் இரவு முழுக்கத் தூங்காமல் "அம்மா ஏன் வரல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். போனிலாவது பேச வைத்திருக்கலாம், எங்களுக்கும் அது தோன்றவில்லை.

டிஸ்சார்ஜ் ஆகும்போது அந்த டியூட்டி டாக்டரே, வீட்டுக்கு வந்து பார்க்கிற பாலியேட்டிவ் கேர், அதாவது வலியையும் மற்றத் தொல்லைகளையும் குறைக்கிற கவனிப்பு, அந்தக் குழு ஒன்றின் நம்பரைக் கொடுத்தார். அந்த வார்த்தையைக் கேட்டதும் அண்ணனுக்கு முகம் மாறிவிட்டது. "அது கடைசிக் கட்டத்துக்குத்தானே?" என்றான். அவனுக்கு மட்டுமா, நிறையப் பேருக்கு அப்படித்தான் பதிந்திருக்கிறது. 2010-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வைப் பற்றி அவனிடம் சொன்னேன். நுரையீரல் புற்றுநோய் பரவிய 151 பேரில், வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலிருந்தே இந்தக் கவனிப்பும் கிடைத்தவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது. சராசரியாக இரண்டரை மாதத்துக்கு மேல் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் அவனே போன் போட்டு அந்தக் குழுவின் சிஸ்டரை வரச் சொன்னான்.

சிஸ்டர் வந்ததும் வீட்டில் இருந்தவர்களைத் தாண்டி நேராக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நீங்க சொல்லுங்க, எந்த நேரத்துல ரொம்ப வலிக்குது?" என்றார். பிள்ளைகளைக் குளிப்பாட்டக் குனியும்போது என்றேன். ஒரு நாளைக்கு மொத்தம் 60 மில்லிகிராம் மார்ஃபின் போட்டுக்கொண்டிருந்தேன். திடீர் வலிக்கு வைத்திருந்தது 5 மில்லிகிராம்தான், அது போதவில்லை. அவர் அங்கேயே தங்கள் டாக்டரிடம் போனில் பேசினார். அந்த டாக்டர் என்னிடமும் பேசிவிட்டு அதைப் பத்தாக்கினார். குளிப்பாட்டுவதற்கு அரை மணி நேரம் முன்னால் போட்டுக்கொள்ளச் சொன்னார். மலச்சிக்கலுக்கான மருந்தை நான் அவ்வப்போது விட்டுவிடுவதையும் சிஸ்டர் கண்டுபிடித்துவிட்டார்.

மகள் கதவோரம் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். சிஸ்டர் ஸ்டெதஸ்கோப்பை அவள் காதில் மாட்டி, என் நெஞ்சில் வைத்தார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "எங்க அம்மாவுக்கு எப்போ சரியாகும்?" என்று கேட்டாள்.

அறையில் எல்லோரும் வாயடைத்துப் போனார்கள். என் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிஸ்டர் பதில் சொல்லவில்லை, என்னைப் பார்த்தார். சொல்லட்டுமா, நீங்களே சொல்கிறீர்களா என்று அந்தப் பார்வையில் கேட்டார். நானே சொன்னேன். "இந்த கேன்சர் முழுசாப் போகாதுடா. மாத்திரை அதை வளர விடாம பிடிச்சு வச்சிருக்கு."

"நான் அன்னைக்கு உன் முதுகுல ஏறினதாலயா ஆஸ்பத்திரிக்குப் போன?"

இதை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் அத்தனை நாளும் சுற்றியிருக்கிறாள். இல்லவே இல்லை, நீ செய்த எதனாலும் வந்ததில்லை, தொட்டால் ஒட்டவும் ஒட்டாது என்று நானும் சிஸ்டரும் மாறி மாறிச் சொன்னோம். இந்த வயதுப் பிள்ளைகள் தங்களால்தான் என்று நினைத்துக்கொள்வார்கள், கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள், ஒரு தடவை போதாது என்று சிஸ்டர் அப்புறம் தனியாகச் சொன்னார். மகனுக்கு இவ்வளவு வேண்டாம், அம்மாவுக்கு முதுகு வலிக்கிறது, இன்று குளிப்பாட்டப் போவது அப்பா என்கிற அளவு போதும் என்றார்.

ஊரை விட்டுக் கிளம்புவதற்குள் இன்னும் மூன்று முறை வந்தார். கடைசி முறை மருந்து மாற்றங்களை ஒரே பக்கத்தில் எழுதி, அவர்கள் டாக்டரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார். இங்கே என் டாக்டர் அதை அப்படியே ஃபைலில் சேர்த்துக்கொண்டார். சிஸ்டரின் நம்பரை மகள் பெரிய பெரிய எண்களாக எழுதி, பாட்டி வீட்டுச் சுவரில் தன் உயரத்துக்கு ஒட்டிவிட்டு வந்திருக்கிறாள்.