மூன்று பேரைக் காணோம்: ‘டெத் இன் தி ஆண்டீஸ்’

மரியோ வர்கஸ் யோசாவின் இந்த நாவல் ஸ்பானிஷில் 1993-இல் வந்தது. நான் படித்தது எடித் கிராஸ்மனின் ஆங்கில மொழிபெயர்ப்பு. பெரு நாட்டு மலைக்குள் நாக்கோஸ் என்று ஒரு சாலை போடும் முகாம். காவலுக்கு ஒரு குடிசை, அதில் சிவில் கார்டு படையினர் இரண்டே பேர்: கார்ப்பரல் லிட்டுமா, அவனுக்குக் கீழே இளைஞன் தொமாஸ். முகாமில் மூன்று பேரைக் காணவில்லை. அரசை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ‘ஒளிரும் பாதை’ என்ற மாவோயிஸ்ட் அமைப்பின் கெரில்லாக்கள் கொண்டுபோனார்களா, கூட வேலை செய்கிறவர்களே தீர்த்துக்கட்டினார்களா?

விசாரணையின் லட்சணம் முதல் காட்சியிலேயே தெரிந்துவிடுகிறது. புருஷனைக் காணோம் என்று ஒரு பெண் வாசலில் வந்து நிற்கிறாள். பேசுவது மலை மக்களின் கெச்சுவா மொழி. லிட்டுமா கடற்கரைப் பக்கத்து பியூராக்காரன், ஒரு சொல்லும் புரியாது. தொமாஸ்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். புகார் வாங்கவே துணைக்கு ஆள் வேண்டுமென்றால் துப்பு எங்கே துலங்கும்? தொழிலாளிகள் வாயே திறப்பதில்லை. சாராயக்கடை நடத்தும் தியோனிசியோவும் அவன் மனைவி அட்ரியானாவும் நிறையப் பேசுகிறார்கள், ஆனால் பிடி கொடுப்பதில்லை. இருட்டினால் லிட்டுமாவும் தொமாஸும், கெரில்லாக்கள் இன்றைக்கு வருவார்களா நாளைக்கா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கிறார்கள்.

அந்தப் பயத்தை மறக்கத்தான் தொமாஸ் ராத்திரிதோறும் தன் காதல் கதையைச் சொல்கிறான். காதல் வந்தாலே பக்கத்தைத் தள்ளுகிற ஆள் நான். இதில் முடியவில்லை. எப்போதோ எங்கோ அவன் காதலி மெர்சிடஸ் பேசிய வரிக்கு அடுத்த வரியிலேயே, குடிசையில் படுத்திருக்கும் லிட்டுமா குறுக்கே ஏதாவது சொல்வான். உடனே மறுபடி மெர்சிடஸ். இடம் மாறியதற்கு ஒரு அடையாளமும் கிடையாது. நாலு பக்கம் தடுமாறும், அப்புறம் பழகிவிடும்.

எனக்கு ஒப்பாதது ஒன்று உண்டு. 1983-இல் உச்சுராக்காய் என்ற மலைக் கிராமத்தில் எட்டுப் பத்திரிகையாளர்கள் கொல்லப்பட்டபோது, அதை விசாரித்த குழுவுக்குத் தலைவர் யோசாதான். மலை மக்களைப் பழங்காலத்தில் உறைந்துபோனவர்களாகக் காட்டிவிட்டது என்று அந்த அறிக்கையை அப்போதே பலர் கண்டித்தார்கள். நாவலும் அதே கண்ணோடுதான் பார்க்கிறது. முடிச்சு அவிழும் இடத்தில் பலி, பேய், பழைய தெய்வம் என்று போய்விடுகிறது. பெருவின் உண்மை ஆணையம் 2003-இல் தந்த மதிப்பீட்டின்படி கெரில்லாக்களுக்கும் அரசுக்கும் நடந்த போரில் செத்தவர்கள் சுமார் 69,000 பேர். அவர்களில் நாலில் மூன்று பேருக்குத் தாய்மொழி கெச்சுவாவோ வேறு பூர்வகுடி மொழியோதான். அவர்கள் பக்கத்து நியாயத்துக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டிருக்கலாம்.

விதிவிலக்கு, வாய் பேசாத பெத்ரித்தோ. காணாமல் போனவர்களில் ஒருவன். முகாமுக்கு வருமுன் அவன் மலைமேல் விகுஞாக்களோடு (லாமா போன்ற காட்டு விலங்குகள்) தனியாக வாழ்கிறான். கெரில்லாக்கள் வந்து அவற்றைச் சுட்டுத்தள்ளுகிறார்கள். ஏன் என்று கேட்கக்கூட அவனுக்குப் பேச்சு இல்லை. புத்தகத்தின் ஆகச்சிறந்த பகுதி என்று இதைத்தான் சொல்வேன். இதற்காகவே வாங்கலாம்.

கடைசிப் பக்கங்களை மட்டும் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு படிக்காதீர்கள்.