நாற்பதில் ஓடத் தொடங்க எந்த முறை?

பள்ளிக்கூடம் முடித்தபின் பஸ்ஸைப் பிடிக்க மட்டுமே ஓடியவர்கள், நாற்பது வயதில் ஷூ வாங்கியதும் மூன்று பயிற்சி முறைகளின் பெயர்கள் காதில் விழும்: கவுச் டு ஃபைவ் கே, மாஃபெடோன், காலோவே. சென்னை மாதிரி ஊரில், உட்கார்ந்தே வேலை பார்த்த உடம்புக்கு எது சரிப்படும் என்று பார்ப்போம்.

கவுச் டு ஃபைவ் கே, சோஃபாவில் கிடப்பவரை 5 கிலோமீட்டர் ஓட வைக்க 1996இல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் போட்ட திட்டம். வாரத்துக்கு 3 நாள், 9 வாரம். முதல் நாள் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்று 20 நிமிடம் மாறி மாறிப் போகும். இதற்கான மொபைல் ஆப் சொல்வதைச் செய்தால் போதும், யோசிக்கவே வேண்டாம். சிக்கல் ஐந்தாம் வாரத்தில். இரண்டாம் நாள் 8 நிமிட ஓட்டம் இரண்டு முறை, நடுவே 5 நிமிட நடை. மூன்றாம் நாளே நிற்காமல் 20 நிமிடம்! இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும். குதிகால் தசைநாரும் கால் எலும்பும் தேற மாதக்கணக்கில் ஆகும். மூச்சு ஒத்துழைக்கிறதே என்று ஓடும்போதுதான் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி வந்து நிற்கும். அந்த வாரத்தையே திரும்பச் செய்யலாம்தான். ஆனால் ஆப் அடுத்த வாரத்தைத் திறந்து காட்டும்போது யாருக்கு அந்தப் பொறுமை இருக்கிறது?

பயிற்சியாளர் ஃபில் மாஃபெடோன் வகுத்த முறையில் 180இலிருந்து வயதைக் கழிக்க வேண்டும். 45 வயதுக்காரர் என்றால் 135; நிமிடத்துக்கு இதயத்துடிப்பு அதைத் தாண்டாமல் ஓட வேண்டும். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த ஹவாய் அயர்ன்மேன் போட்டியை ஆறு முறை வென்ற மார்க் ஆலன் இப்படிப் பயிற்சி எடுத்தவர். தத்துவம் அருமை, ஆனால் மே மாதப் புழுக்கத்தில் மெரினா சர்வீஸ் ரோட்டில் முயன்று பாருங்கள். ஈரக்காற்றில் வியர்வை ஆவியாகாது. உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்கு ஓடும், அதை ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கும். மெதுவாக ஓடினாலே 135 தாண்டும், கடைசியில் முழுக்க நடைதான் மிஞ்சும். பி.பி.க்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது, மாத்திரை துடிப்பைக் குறைத்துவிடும். மணிக்கட்டு வாட்ச் காட்டும் எண்ணையும் அப்படியே நம்ப முடியாது.

ஜெஃப் காலோவே 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடியவர். அவர் சொன்னது எளிமையானது: களைத்த பிறகு நடக்காதே, முதல் நிமிடத்திலிருந்தே இடையிடையே நட. 30 விநாடி ஓட்டம், 30 விநாடி நடை என்றுகூட ஆரம்பிக்கலாம். காலுக்கு அடிக்கடி ஓய்வு கிடைக்கும், உடல் சூடும் தணியும். நடைக்காக எப்போது நிற்பது என்ற பேரமும் கிடையாது. இதே முறையில் 42.195 கிலோமீட்டரையும் முடிப்பவர்கள் இருக்கிறார்கள். இதில் ஒரே தொல்லை கூச்சம். பின்னால் வருபவர், 'என்ன சார், அதுக்குள்ளயா?' என்பார். கண்டுகொள்ளாதீர்கள்.

என் ஓட்டு காலோவேக்குத்தான். தேதி குறித்து யாராவது விரட்டினால்தான் எழுந்திருப்பேன் என்பவர்கள் மட்டும் கவுச் டு ஃபைவ் கே எடுக்கலாம். ஐந்தாம் வாரத்தைக் கட்டாயம் இரண்டு முறை செய்ய வேண்டும். மாஃபெடோனை மார்கழிக்கு ஒத்திவையுங்கள். அதற்குள் காலும் பழகியிருக்கும், காற்றிலும் கொஞ்சம் குளிர்ச்சி இருக்கும். சர்க்கரை, இதயக் கோளாறு இருப்பவர்கள் எந்த முறையானாலும் முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டு, அப்புறம் ஷூ கடைக்குப் போகலாம்.