தேக்காவில் ஒரு மளிகைக் கடையும் அதன் பீர் அலமாரியும்

சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள இந்தக் கடைக்கு ஆறு வருடமாக ஞாயிறுதோறும் போகிறேன். கறிவேப்பிலை வாடாமல் இருக்கும். பொன்னி அரிசியை நம்பி வாங்கலாம். உள்ளே நடக்கத்தான் இடமில்லை.

நான் எழுத வந்தது பீர் அலமாரியைப் பற்றி. கட்டுமானத் தளத்தில் பாதுகாப்பு மேற்பார்வை என் வேலை. திங்கள் காலை சாரத்தில் ஏறுபவனிடம் நேற்றைய வாடை இருக்கிறதா என்பதுதான் என் முதல் கவலை. கடைக்கார அண்ணன் ஒரு நாள் கணக்குப் போட்டுக் காட்டினார். சிங்கப்பூரில் பீருக்கான கலால் வரி, உள்ளே இருக்கும் ஆல்கஹாலின் அளவைப் பொறுத்தது. ஒரு லிட்டர் தூய ஆல்கஹாலுக்கு 60 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). 5% பீர், 500 மில்லி டின் என்றால் இந்த வரி மட்டும் 1 வெள்ளி 50 காசு. 8% ஸ்ட்ராங் என்றால் 2 வெள்ளி 40 காசு. அதற்கு மேல் 9% ஜிஎஸ்டி. போதை கூடக் கூட வரியும் கூடும். நியாயமான கணக்கு.

பலன் உண்டா? மூன்று டின் எடுத்த எங்கள் தளத்துப் பையன்கள் இப்போது ஒன்றோடு நிறுத்துகிறார்கள். பழகிப்போன ஒருவன் மட்டும் ஊருக்கு அனுப்பும் பணத்தில் கைவைத்தான். அவனுக்கு வரி போதவில்லை. மது விற்பனைக்கு 2015 முதல் உள்ள நேரக் கட்டுப்பாடுதான் உதவியது. நேரமானால் அண்ணன் அலமாரியைப் பூட்டிவிடுவார். ஒருமுறை தள்ளாடி வந்தவனிடம், "தம்பி, இன்னைக்கு இது போதும்" என்று மோர் பாக்கெட்டைக் கொடுத்து அனுப்பினார்.

கடைக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை. மாலை 5 மணிக்கு முன் போங்கள், கூட்டம் குறைவு.