ஐந்து பேர் ஏறிய பிறகு எவ்வளவு மிச்சம்? தருமபுரி, கிருஷ்ணகிரி ரோடுகளில் கிரவுண்ட் கிளியரன்ஸ்

ஷோரூமில் தரும் காகிதத்தில் உள்ள கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி, பெரும்பாலும் காலி வண்டிக்கான அளவு. பாலக்கோட்டிலிருந்து மாரண்டஅள்ளிக்குக் கல்யாணத்துக்குப் போகிற வண்டி காலியாகப் போவதில்லை. ஐந்து பேர், டிக்கியில் இரண்டு பெட்டி, மடியில் ஒரு குழந்தை. நாலைந்து வருஷம் ஓட்டியபின் ஒரு கார் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதை இந்த இரண்டு நிலைக்கும் இடையில் உள்ள மில்லிமீட்டர்கள்தான் முடிவு செய்கின்றன.

ஸ்கோடா குஷாக்குக்கு இரண்டு அளவும் வெளியில் உண்டு: காலியாக 188 மி.மீ., முழுச் சுமையில் 155. அதாவது 33 மி.மீ. போய்விடுகிறது. 2023 ஜூலையில் ஜிஎஸ்டி கவுன்சிலின் 50ஆவது கூட்டம், பெரிய எஸ்யூவி வண்டிகளுக்குக் கூடுதல் வரி போடுவதற்கான 170 மி.மீ. வரம்பை ‘சுமை இல்லாத நிலையில்’ என்று விளக்க வேண்டி வந்ததும் இந்த இரட்டைக் கணக்கால்தான். எந்த நிலையில் அளக்கிறோம் என்பதைப் பொறுத்து வரியே மாறிக்கொண்டிருந்தது. சுமை அளவு கிடைக்காத காருக்கு, காகிதத்தில் உள்ளதில் 35 மி.மீ. கழித்துக்கொள்ளுங்கள். பெரிதாகத் தப்பாது.

நம் பக்கம் வண்டி அடி தட்டும் இடம் பள்ளமல்ல, வேகத்தடை. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 99 விதி சொல்லும் வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள மெல்லிய வளைவு. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் தாண்டலாம். 2,450 மி.மீ. வீல்பேஸ் (முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம்) உள்ள ஸ்விஃப்ட் அதில் ஏறினால் நாலு சக்கரமும் மேட்டின் மேலேயே இருக்கும். வண்டியின் வயிறு இழப்பது 44 மி.மீ. மட்டுமே. கிராமங்களுக்குள் போட்டிருப்பதோ ஒரு முழ அகலம், அரை அடி உயரம். முன்சக்கரம் முழுதாக இறங்கிய பிறகுதான் மேடு வயிற்றுக்கு அடியில் வருகிறது. அப்போது 150 மி.மீ. உயரமும் அப்படியே கணக்கில் சேரும்.

இந்த 150ஐ அளவுகோலாக வைத்துப் பாருங்கள். ஸ்விஃப்ட்டும் டிசையரும் 163. ஆள் ஏறினால் 128. தட்டும், சந்தேகமே இல்லை. ஹோண்டா சிட்டி 165. அதுவும் தட்டும். இக்னிஸ் 180, க்விட் 184, எக்ஸ்டர் 185, பஞ்ச் 187. இவை உரசியும் உரசாமலும் தாண்டும் வரிசை. ஃபிராங்க்ஸும் கிரெட்டாவும் 190. சோனெட், மேக்னைட், கைகர் மூன்றும் 205, நெக்ஸான் 208. இங்கே வந்தால்தான் முழுக் குடும்பத்தோடு யோசிக்காமல் போகலாம். எலிவேட் 220, தார் 226. தோட்டத்து வழியோ காட்டு வழியோ தினசரி வேலையாக இல்லாதவருக்கு அந்த உயரம் ஏறி இறங்கும் முழங்கால் வலிக்குத்தான் உதவும்.

காகிதத்தை நம்பாமல் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. கட்டட வேலைக்கு வாங்கும் 6 இஞ்ச் சாலிட் பிளாக் 400க்கு 200க்கு 150 மி.மீ. டெஸ்ட் டிரைவ் வண்டியில் வீட்டு ஆட்கள் ஐந்து பேரையும் உட்கார வைத்து, சமமான சிமென்ட் தரையில் நிறுத்தி, கல்லைப் படுக்கையாக அடியில் தள்ளிப் பாருங்கள். முன் பம்பருக்குப் பின்னால், ஆயில் சம்ப்புக்கு (இன்ஜின் ஆயில் தேங்கும் அடித்தொட்டி) கீழே, சைலன்சர் குழாய்க்குக் கீழே என மூன்று இடத்தில் போகிறதா என்று பார்த்தால் போதும். விற்பனையாளர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

இந்தக் கணக்கில் அடங்காத வண்டி பொலேரோ. காகிதத்தில் 180 மி.மீ.தான், ஆனாலும் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஆள் ஏற்றிக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. இப்படிப் பின் ஆக்சில் ஒரே தண்டாக உள்ள வண்டிகளில் பெரும்பாலும் தாழ்ந்த இடம், இன்ஜின் விசையை இரண்டு பின்சக்கரத்துக்கும் பிரித்துத் தரும் டிஃப்ரன்ஷியல் உருண்டை. அது ஸ்பிரிங்குக்குக் கீழே, சக்கரத்தோடு சேர்ந்து நிற்கிறது. எத்தனை பேர் ஏறினாலும் பாடிதான் இறங்கும், உருண்டை இறங்காது. டயர் நசுங்கும் அளவுக்கு மட்டுமே குறையும். சாதாரணக் காரில் சம்ப், குழாய், பெட்ரோல் டேங்க் எல்லாம் பாடியோடு சேர்ந்து இறங்குகின்றன. ஆகவே பொலேரோவின் 180ஐயும் ஹேட்ச்பேக்கின் 180ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் அர்த்தம் இல்லை.

சொந்த வீட்டு வாசல்தான் பல கார்களுக்கு முதல் எதிரி. ரோடு போட்டுப் போட்டு உயர, வீடும் உயர்த்திக் கட்டப்பட, சாக்கடைக்கு மேல் ஒரு சாய்தளம். ஓர் அடி ஏற்றத்துக்கு நாலு அடி நீளம் விட்டால் சாய்வு 14 டிகிரி. காலி ஸ்விஃப்ட்டின் வயிறு ஏறக்குறைய 15 டிகிரி முனையைத் தாண்டும். ஆள் ஏறினால் 12தான். சாய்தளம் முடிந்து போர்ட்டிகோ தரை தொடங்கும் விளிம்பில் தட்டுவது அதனால்தான். அதே ஓரடி ஏற்றத்துக்கு ஆறடி நீளம் விட்டால் 9.5 டிகிரி, தொல்லை தீர்ந்தது. காரை மாற்றுவதைவிட அரை மூட்டை சிமென்ட் மலிவு.

தருமபுரி டவுன், கிருஷ்ணகிரி, ஓசூர், நடுவில் என்.எச். 44 என்று ஓடுகிறவருக்கு 165 போதும். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் தாழ்ந்த கார்தான் நிதானமாக இறங்கும். வத்தல்மலை, சித்தேரி, பென்னாகரம் உள்கிராமங்கள் என்று வாரம் ஒரு முறையாவது போகிறவர் 185க்குக் கீழே இறங்க வேண்டாம். மழைக்குப் பிறகு கொல்லைக்குள் டிராக்டர் தடத்தில் போக வேண்டியவருக்கு 200க்கு மேல். ஒற்றை வழித் தார் ரோட்டில் கல் குவாரி டிப்பருக்கு ஒதுங்கும்போது தார் விளிம்பிலிருந்து மண்ணுக்கு அரையடி வரை இறக்கம் இருக்கும். அங்கே அடிபடுவது சம்ப் அல்ல, கதவுக்குக் கீழே உள்ள பக்கவாட்டுத் தகடு. பெயிண்ட் போய் உள்ளிருந்து துருப்பிடிக்கும். பழைய கார் வாங்குகிறவர் அங்கே விரலை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும்.

வாங்கிய நாளில் இருந்த கிளியரன்ஸ் 60,000 கி.மீ.யில் இருக்காது. புது டயரின் பட்டன் 8 மி.மீ. என்றால் அது தேய்மான அடையாளமான 1.6க்கு வரும்போது 6 மி.மீ. போயிருக்கும். பின் ஸ்பிரிங் தளர்வதைக் கண்ணால் பிடிக்க முடியாது. வண்டி புதிதாக இருக்கும்போதே சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நாலு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள். வருஷம் ஒரு முறை அதே இடத்தில் அளந்தால் டயர் கணக்குக் கலக்காமல் ஸ்பிரிங் இறக்கம் மட்டும் தெரியும். டிக்கியில் சிஎன்ஜி சிலிண்டர் உள்ள வண்டிக்கு இது கட்டாயம். அது ஓர் ஆள் எப்போதும் பின்னால் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். சைலன்சரைத் தாங்கும் ரப்பர் ஒன்று அறுந்தாலும் குழாய் இரண்டு விரல் தொங்கிவிடும். சர்வீஸில் யாரும் தானாகப் பார்ப்பதில்லை, சொல்லிப் பார்க்க வைக்க வேண்டும்.

உயர்த்தலாமா என்றால், டயர் வழியாகக் கொஞ்சம். 165/80 ஆர்14 இருந்த இடத்தில் 175/80 ஆர்14 போட்டால் 8 மி.மீ. கிடைக்கும். ஸ்பீடோமீட்டர் இரண்டரை சதவீதம் பின்தங்கும், பிக்அப் சற்று மந்தமாகும், ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தால் உள் லைனரில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்பிரிங்குக்கு மேல் வைக்கும் ஸ்பேசர் வேண்டாம். முன்சக்கர டிரைவ் வண்டியில் ஆக்சில் கோணம் மாறி, அதன் ஜாயிண்ட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழியும், கிரீஸ் வெளியேறும், திருப்பத்தில் கடகடவென்று சத்தம் வந்தால் ஜாயிண்ட் போய்விட்டது என்று அர்த்தம். வாரண்டிக்கும் வம்பு. ஸ்பிரிங் சுற்றுகளுக்கு இடையில் செருகும் ரப்பரும் தீர்வல்ல. அந்த ஒரு சுற்று வேலை செய்யாமல், மற்ற சுற்றுகளில் பாரம் கூடும்.

சம்ப் அடிபட்டால் இரண்டு விதமாகக் கெடும். அலுமினியம் விரிசல் விடும், ஆயில் சொட்டுவதால் உடனே தெரியும். இரும்புத் தகடு உள்ளே அமுங்கும்; சொட்டாது, ஆனால் உள்ளே ஆயிலை உறிஞ்சும் சல்லடைக்கும் சம்ப்பின் அடித்தகட்டுக்கும் உள்ள இடைவெளி குறைந்து, இன்ஜின் மேல்பாகத்துக்கு ஆயில் பற்றாமல் போகும். இரண்டாவதுதான் ஆபத்தானது. பலமாக அடி விழுந்து ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தால் அந்த இடத்திலேயே இன்ஜினை அணைக்க வேண்டும், அடுத்த ஊர் வரை என்று ஓட்டக் கூடாது. சம்ப்பைக் காக்க அடியில் இரும்புத் தகடு (கார்டு) போடுகிறவர்கள் அதுவே 10 மி.மீ. அளவுக்கு இடத்தைத் தின்னும் என்பதையும், ஆயில் மாற்ற அடியில் ஓட்டை வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளவும்.

ஓட்டும் முறையிலும் சில மில்லிமீட்டர் மிச்சம் பிடிக்கலாம். பிரேக்கை மேட்டுக்கு முன்பே முடித்துவிட்டு, சக்கரம் ஏறும் நேரத்தில் காலை எடுக்க வேண்டும். அழுத்தியபடியே ஏறினால் மூக்கு தாழ்ந்து பம்பர் இடிக்கும். எதிரே வண்டி இல்லாவிட்டால் வேகத்தடையைச் சாய்வாக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றலாம். கல் கிடந்தால் நடுவில் விடாமல் சக்கரத்தை அதன் மேல் ஏற்ற வேண்டும். டிராக்டர் தடத்தில் பள்ளத்தில் இறங்காமல், ஒரு பக்கச் சக்கரம் நடுமேட்டிலும் மறுபக்கம் ஓரத்திலுமாகப் போக வேண்டும்.

தை, மாசியில் ரோட்டில் கேழ்வரகுத் தாளும் கொள்ளுச் செடியும் பரப்பியிருப்பார்கள். கேழ்வரகாவது சறுக்குவதோடு போகும். கொள்ளுக் கொடி ஆக்சிலில் சுற்றி, சைலன்சரின் சூடான பகுதியில் ஒட்டி, காய்ந்திருந்தால் தீப்பிடிக்கும். 165 மி.மீ. கார் அதை வாரிக்கொண்டு போகும், 200 மி.மீ. காரும் முழுதாகத் தப்பாது. குவியல் முழங்கால் உயரம் இருந்தால் இறங்கி ஒதுக்கச் சொல்வதே நல்லது. கடந்து வந்தபின் கருகல் வாடை அடித்தால் உடனே நிறுத்தி இன்ஜினை அணைத்து எல்லோரையும் இறக்கிவிட்டு, ஒரு குச்சியால் இழுத்து எடுக்க வேண்டும். கை விடக் கூடாது, குழாய் கொதிக்கும். காய்ந்த தாளின் மேல் மட்டும் வண்டியை நிறுத்தவே கூடாது.