சீட்டுக்கட்டு பின்பால்: ஆணிப் பலகையா, ரிலே பெட்டியா?

சிகாகோ பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஒன்றுக்குத்தான் இடம். சரிவான பலகையில் குண்டை உருட்டி ஆடும் பின்பால் இயந்திரம், அதுவும் சீட்டுக்கட்டுப் படம் போட்டதுதான் வேண்டும் என்பது மட்டும் முடிவாகியிருந்தது. 1930களின் தொடக்கத்தில் வந்த, மின்சாரமே இல்லாத ஆணிப் பலகையா, இல்லை காட்லீப் கம்பெனியின் 1957 'ஏஸ் ஹை'யா? பலகையைத்தான் வாங்கினேன்.

ஆட்டச் சுவை என்று பார்த்தால் ஏஸ் ஹை ஜெயித்துவிடும், அதில் பேச்சே இல்லை. 1947-இல் 'ஹம்ப்டி டம்ப்டி' என்ற பின்பாலோடு வந்த ஃபிளிப்பர், அதாவது பொத்தானை அமுக்கினால் குண்டைத் திருப்பி அடிக்கும் குட்டிக் கை, உண்டு, மணி உண்டு, விளக்கு உண்டு, ராய் பார்க்கர் வரைந்த கண்ணாடிப் படம் வேறு. பலகையில் ஸ்பிரிங்கை இழுத்து விட்டால் நம் வேலை முடிந்தது, மிச்சம் ஆணிகள் பாடு. லேசாகத் தட்டிக் குண்டைத் திருப்பலாம். பெட்டியை ஆட்டினால் ஆட்டத்தை நிறுத்திவிடும் 'டில்ட்' வருவதற்கு முந்தைய சரக்கு.

நான் பார்த்தது ஒன்றைத்தான்: கெட்டுப்போனால் யார் சரிசெய்வது?

பலகையில் காசை வைத்து, காசு போடும் நாக்கை உள்ளே தள்ளினால், ஆடுபலகைக்கு அடியில் இருக்கும் இன்னொரு பலகை நகரும். இரண்டின் ஓட்டைகளும் நேருக்கு நேர் வந்ததும் போன ஆட்டத்துக் குண்டுகள் பொலபொலவென்று கீழே கொட்டும். நாக்கை விட்டால் ஸ்பிரிங் இழுத்து மூடிவிடும். இயந்திரம் என்று இருப்பது அவ்வளவுதான். கணக்குகூட அது வைக்காது. ஆர்ட்டின் ராணிக் குழியில் ஒன்று, ஸ்பேட் ஆஸில் ஒன்று என்று நாமே எண்ண வேண்டும். அந்தக் காலத்தில் கடைக்காரர் கண்ணாடி வழியே பார்த்துப் பரிசு கொடுத்தார்.

முதல் கோடையிலேயே அடிப்பலகை ஊறிச் சிக்கிக்கொண்டது. கழற்றி, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து, மெழுகு தடவி மாட்டினேன். அரை நாள் வேலை. சாய்ந்திருந்த நாலு ஆணிகளைக் குறடால் நிமிர்த்தினேன். அதில் ஒன்றைக் கொஞ்சம் அதிகமாகவே நிமிர்த்திவிட்டேன் போல. இப்போது கிளாவர் ராஜாவுக்குக் குண்டு போவதே இல்லை.

ஏஸ் ஹையைத் திறந்தால் ரிலே என்ற மின்சார சுவிட்சுகள், காயில் என்ற கம்பிச் சுருள்கள், துணி சுற்றிய கம்பிகள். ஒரு சுவிட்ச் முனை கறுத்தாலும் சுற்றுப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு தேட வேண்டும். விவரம் தெரிந்தவர் மெல்லிய அரத்தால் இரண்டு தேய்ப்பில் முடித்துவிடுவார். எனக்கு அது கைவராது. ஆனால் ஒன்று, ஏஸ் ஹையோடு என் பழக்கம் நண்பர் வீட்டில் ஒரு சனி ஞாயிறோடு சரி. அவருடையது ஒரு வருஷமாகத் தகராறு செய்யவில்லை. சாலிடரிங் தெரிந்தவருக்கு என் பயம் தேவையே இல்லை.

இதுவரை எதையும் விற்றதில்லை. ஏஸ் ஹைக்கு ஆள் சீக்கிரம் கிடைக்கும் என்பது என் ஊகம். கிடைத்தாலும், கால்களைக் கழற்றிய பிறகும் அதைப் படியேற்ற இரண்டு பேர் வேண்டும். பலகையை நான் ஒருவனே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தேன், குண்டுகள் பேன்ட் பாக்கெட்டில்.